நூல்துடுப்பு வண்ணத்துப்பூச்சி மீன்: ஒரு பெயரின் வரலாறு

நூல்துடுப்பு வண்ணத்துப்பூச்சி மீன் என்பது கரையோரப் பவளப் பாறைகளில் வாழும் ஒரு சிறிய கடல்மீன். மேற்கே செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை தொடங்கி, கிழக்கே ஹவாய், மார்க்கேசாஸ் தீவுகள் வரையிலும், வடக்கே தென் ஜப்பான் வரையிலும் இது பரவியுள்ளது. இலங்கை, இலட்சத்தீவு, மன்னார் வளைகுடா ஆகிய பகுதிகளின் பவளப் பாறைகளிலும் இது உண்டு. இதன் அறிவியல் பெயர் கீட்டோடான் ஆரிகா. விலங்கியல் நூல்களில் இப்பெயரை அடுத்து 'ஃபோர்ஸ்கோல், 1775' என்று எழுதியிருப்பார்கள்.

பள்ளியில் அறிவியல் பெயர்களைக் கற்பிக்கும்போது, பின்னால் வரும் ஆள் பெயரையும் ஆண்டையும் மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிட்டு எழுதுவார்கள். தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லை என்பதால் நாங்களும் வற்புறுத்துவதில்லை. ஆனால் இந்த மீனைப் பொறுத்தவரை அந்தச் சிறு குறிப்பில்தான் வரலாறு இருக்கிறது. பீட்டர் ஃபோர்ஸ்கோல் 1763ஆம் ஆண்டே இறந்துவிட்டார். அப்படியானால் 1775இல் இந்த மீனுக்கு அவர் எப்படிப் பெயரிட்டிருக்க முடியும்? பெயரின் முதற்பாதியான 'கீட்டோடான்' என்ற சொல்லுக்கும் இதே கேள்வி பொருந்தும். அதை உருவாக்கியவரும் அது அச்சேறுவதற்கு முன்பே இறந்தவர்தான். இருவருமே முப்பது வயதை ஒட்டி இறந்தார்கள். இருவரின் எழுத்துகளையும் அச்சுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்களுடைய தோழர்கள்.

மீனின் தோற்றமும் வாழ்க்கையும்

வளர்ந்த மீன் ஏறத்தாழ 20 செ.மீ. நீளம் இருக்கும், மிகப் பெரியவை 23 செ.மீ. வரை வளரும். உடல் தட்டையாகவும் உயரமாகவும் இருக்கும். முன்பாதி வெண்மை, பின்பாதி மஞ்சள். பக்கங்களில் சாம்பல் நிறக் கோடுகள் இரண்டு தொகுதிகளாக ஓடும். முன்தொகுதி ஒரு பக்கம் சாய்ந்தும், பின்தொகுதி அதற்குச் செங்குத்தாக மறுபக்கம் சாய்ந்தும் இருப்பதால், பாய் முடைந்தது போலத் தோன்றும். கண்ணை மறைத்து ஒரு கரும்பட்டை மேலிருந்து கீழாக இறங்கும். முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் ஒரு மென்கதிர் மட்டும் நூலைப் போல நீண்டு வாலுக்கு அப்பாலும் செல்லும். குஞ்சுகளில் இந்த நூல் காணப்படாது.

வாய் சிறியது, முன்னோக்கிக் குவிந்தது. பாறை இடுக்குகளில் உள்ள புழுக்கள், கடற்சாமந்தியின் உணர்கொம்புகள், பவள உயிரிகள், பாசி என்று கிடைப்பதைக் கடித்து உண்ணும். பவளத்தை மட்டுமே உண்டு வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்களும் உண்டு. செங்கடலின் கீட்டோடான் ஆஸ்திரியாகஸ் அத்தகையது. நூல்துடுப்பு மீன் அவ்வளவு தேர்ந்து உண்பதில்லை. பவளச் சிதைவுகள் கிடக்கும் மணற்பரப்பிலும் பாசி படர்ந்த இடங்களிலும் கூட மேயும். பெரும்பாலும் இணையாகத் திரியும்; தனியாகவும் சிறு கூட்டமாகவும் காணப்படுவதுண்டு.

முட்டையிலிருந்து வரும் இளவுயிரி முதலில் திறந்த கடலில் மிதந்து வாழும். அப்பருவத்தில் அதன் தலையை எலும்புத் தகடுகள் கவசம் போல் மூடியிருக்கும். வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பம் முழுவதற்கும் பொதுவான அடையாளம் இது. 1868இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் குந்தர் இத்தகைய கவசத்தலை இளமீனைத் தனியொரு மீன் பேரினம் என்று கருதி 'தோலிக்திஸ்' என்று பெயரிட்டார். அது வண்ணத்துப்பூச்சி மீனின் பிள்ளைப் பருவமே என்று பின்னர் தெளிவானது. பேரினம் என்ற தகுதி போய்விட்டாலும் பெயர் போகவில்லை. இன்றும் இப்பருவத்தைத் 'தோலிக்திஸ் பருவம்' என்றே சொல்கிறார்கள்.

முதற்சொல்: கீட்டோடான்

'கீட்டோடான்' என்பது மயிர், பல் என்ற பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு. இம்மீன்களின் பற்கள் தூரிகையின் மயிர்களைப் போல மெல்லியவை, நெருக்கமாக அமைந்தவை. ஆகவே 'மயிர்ப்பல்லன்' என்று தமிழில் சொல்லலாம். அழகிய மீனுக்கு அவ்வளவு அழகில்லாத பெயர்தான், ஆனால் பொருத்தமானது.

இச்சொல்லை மீன் பேரினம் ஒன்றுக்கு வைத்தவர் சுவீடனைச் சேர்ந்த பீட்டர் ஆர்ட்டெடி. 1705இல் பிறந்த இவர் உப்சாலா பல்கலைக்கழகத்தில் கார்ல் லின்னேயஸுடன் படித்தவர். இயற்கை உலகத்தை இருவரும் பங்கு போட்டுக்கொண்டது போல, மீன்களை ஆர்ட்டெடியும் செடிகளை லின்னேயஸும் எடுத்துக்கொண்டார்கள். இருவரில் யார் முதலில் இறந்தாலும் மற்றவர் அவருடைய எழுத்துகளைக் காப்பாற்றி வெளியிட வேண்டும் என்று உடன்பாடும் செய்துகொண்டார்கள்.

1735இல் ஆர்ட்டெடி ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆல்பர்ட்டஸ் செபா என்ற செல்வரின் அருங்காட்சித் தொகுப்பிலிருந்த மீன்களை விவரித்து எழுதிக்கொண்டிருந்தார். செப்டம்பர் மாத இறுதியில் ஓர் இரவு, செபாவின் வீட்டில் விருந்து முடிந்து திரும்பும் வழியில் இருட்டில் கால்வாயில் விழுந்து இறந்தார். வயது 30. அவர் தங்கியிருந்த வீட்டுக்காரருக்குக் கடன் பாக்கி இருந்தது. பணம் தராமல் கைப்பிரதிகளைத் தர முடியாது என்றார் அவர். லின்னேயஸிடமும் அப்போது பணம் இல்லை. அவரை ஆதரித்து வந்த ஜார்ஜ் கிளிஃபர்ட் பணம் கொடுத்துக் கைப்பிரதிகளை மீட்டார். 1738இல் லைடன் நகரில் லின்னேயஸ் அவற்றை 'இக்தியோலோகியா' என்ற நூலாக வெளியிட்டார். மீனியலின் தந்தை என்று ஆர்ட்டெடி இன்று போற்றப்படுவது இந்த ஒரே நூலால்தான்.

விலங்குகளின் பெயர்களுக்கு 1758இல் வந்த லின்னேயஸின் 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பே தொடக்கம் என்பது இன்றைய விதி. அதற்கு முந்திய பெயர்கள் கணக்கில் வராது. ஆகவே 'கீட்டோடான்' என்ற பேரினத்தின் ஆசிரியராக இன்று லின்னேயஸின் பெயரே எழுதப்படுகிறது. விதி விதிதான். ஆனாலும் சொல் ஆர்ட்டெடியுடையது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாம் சொல்லைத் தந்தவர்

பீட்டர் ஃபோர்ஸ்கோல் 1732 ஜனவரி 11 அன்று, அன்று சுவீடனின் ஆட்சியிலிருந்த ஹெல்சிங்கியில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். உப்சாலாவில் லின்னேயஸிடம் இயற்கை வரலாறு கற்றார். பின்னர் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் கீழைநாட்டு மொழிகளும் பயின்றார். அங்கே அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர் யோஹான் டேவிட் மிகேலிஸ். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபோர்ஸ்கோல் மீன் பிடித்தவர் மட்டுமல்லர், துணிச்சலான சிந்தனையாளர். 1759இல் 'குடிமக்களின் சுதந்திரம் பற்றிய எண்ணங்கள்' என்ற சிறு நூலைச் சுவீடிஷ் மொழியில் எழுதி வெளியிட்டார். அச்சுச் சுதந்திரம் வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்று. அரசு உடனே தடை விதித்தது. அச்சடித்த 500 படிகளையும் திரும்பப் பெறும் பொறுப்பு அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்த லின்னேயஸின் தலையில் விழுந்தது. 79 படிகள்தான் கிடைத்தன. மற்றவை மாணவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. தன் மாணவனின் நூலைத் தானே பறிமுதல் செய்ய வேண்டிய நிலை ஆசிரியருக்கு! ஏழு ஆண்டுகள் கழித்து, 1766இல், சுவீடன் அச்சுச் சுதந்திரச் சட்டத்தை இயற்றியது. அப்போது ஃபோர்ஸ்கோல் உயிரோடு இல்லை.

இதற்கிடையில் டென்மார்க்கில் ஒரு பயணத் திட்டம் உருவாகியிருந்தது. பைபிளில் வரும் செடிகள், விலங்குகள், பழக்கவழக்கங்கள் ஆகியவற்றைப் புரிந்துகொள்ள அரேபியாவுக்கு ஓர் அறிஞரை அனுப்ப வேண்டும் என்று மிகேலிஸ் 1756இல் டென்மார்க்கின் அமைச்சர் பெர்ன்ஸ்டார்ஃபுக்கு யோசனை சொன்னார். அந்த முதல் யோசனையில் வழி எது தெரியுமா? நம்முடைய தரங்கம்பாடி. 1620 முதல் டேனியர் வசம் இருந்த ஊர் அது. அங்கே டேனிய அரசரின் ஆதரவில் கிறித்தவ ஊழியம் நடந்துவந்தது. கப்பல் போக்குவரத்தும் இருந்தது. ஆகவே தரங்கம்பாடிக்குப் போய், அங்கிருந்து அரேபியாவுக்குக் கடக்கலாம் என்று மிகேலிஸ் எண்ணினார். பின்னர் திட்டம் பெரிதாகி, ஒருவர் என்பது ஆறு பேர் ஆகி, வழியும் எகிப்து என்று மாறியது. வழி மாறியிராவிட்டால் நம் மீனின் கதை வேறாகியிருக்கும்.

இயற்கை வரலாற்றுக்கு மிகேலிஸ் பரிந்துரைத்தவர் தம் பழைய மாணவரான ஃபோர்ஸ்கோல். ஃபோர்ஸ்கோலும் எளிதில் தலையாட்டவில்லை. பேராசிரியர் பட்டமும் திரும்பி வந்தபின் ஓய்வூதியமும் வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். மற்ற ஐவர்: மொழியறிஞர் ஃபான் ஹாவன், நில அளவையாளர் கார்ஸ்டன் நீபூர், மருத்துவர் கிராமர், ஓவியர் பவுரன்ஃபைண்ட், பணியாளர் பெர்க்கிரன். 1761 ஜனவரியில் கோபன்ஹேகனிலிருந்து டேனியப் போர்க்கப்பல் ஒன்றில் புறப்பட்டார்கள். குழுவுக்குத் தலைவர் என்று எவரும் கிடையாது. எல்லோரும் சமம் என்பது ஏற்பாடு. தாளில் நன்றாயிருந்த இந்த ஏற்பாடு கப்பலில் சண்டையாக மாறியது. கான்ஸ்டான்டிநோபிளில் ஃபான் ஹாவன் ஆர்செனிக் நஞ்சு வாங்கினார் என்று தெரிந்ததும், தங்களைக் கொல்லத்தான் வாங்கினாரோ என்று மற்றவர்கள் அஞ்சும் அளவுக்குப் பகை முற்றியிருந்தது.

செங்கடலில்

எகிப்தில் ஏறத்தாழ ஓராண்டு கழித்தபின், 1762 அக்டோபரில் குழு சூயஸிலிருந்து கப்பலேறியது. அம்மாத இறுதியில் ஜித்தா சேர்ந்தது. டிசம்பரில் அங்கிருந்து புறப்பட்டு, ஆண்டு முடியும் தறுவாயில் ஏமனின் லுஹய்யா துறைமுகத்தை அடைந்தது.

இந்த மாதங்களில்தான் ஃபோர்ஸ்கோல் செங்கடல் மீன்களை விவரித்து எழுதினார். அவருக்கு முன் அக்கடலின் மீன்களை இவ்வளவு முறையாக எவரும் எழுதியதில்லை. நீருக்கடியில் மூழ்கிப் பார்க்கும் கருவிகள் இல்லாத காலம். மீனவர் கொண்டுவருவதே அறிவியலாளனுக்குக் கிடைப்பது. அரபு மொழி பேசக் கற்றிருந்த அவர், மீனவர்கள் சொன்ன பெயர்களையும் எழுதிக்கொண்டார். எழுதியதோடு நிற்கவில்லை, பலவற்றை அப்படியே இனப் பெயராக்கினார். போஹர், ஹரக், ஹரீத், சோஹல், அஸ்ஃபூர் என்று அரபு மீனவரின் வாயில் புழங்கிய சொற்கள் இலத்தீன் பெயர்களின் வரிசையில் இடம் பிடித்தன. 'அபுதெஃப்துஃப்' என்பது பிற்காலத்தில் ஒரு பேரினத்தின் பெயராகவே ஆகிவிட்டது. மீனவர்களின் அறிவை மதித்துப் பதிவு செய்ததுதான் இவருடைய பணியின் சிறப்பு என்பது என் கருத்து. அக்காலத்து ஐரோப்பிய அறிஞர் பலர் இதைச் செய்யவில்லை.

நம் மீனுக்கோ அவர் இலத்தீன் பெயரே வைத்தார். 'ஆரிகா' என்றால் தேரோட்டி. முதுகிலிருந்து பின்னால் நீளும் நூல், தேரோட்டியின் கையிலுள்ள சாட்டையை நினைவூட்டுவதே பெயர்க் காரணம் எனக் கொள்ளப்படுகிறது.

மீனை எப்படிப் பாதுகாப்பது என்பது அன்று பெரிய சிக்கல். சாராயத்தில் ஊறப்போட்டால் பீப்பாய் வேண்டும், வெயிலில் சாராயம் ஆவியாகும், கப்பலில் உடையும். ஃபோர்ஸ்கோல் பெரிதும் கையாண்டது வேறு முறை. மீனை நீளவாக்கில் இரண்டாக வகிர்ந்து, ஒரு பக்கத்துத் தோலைத் துடுப்புகளுடன் எடுத்து, சதையைச் சுரண்டி, அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டுவது. செடிகொடிகளைத் தாளில் ஒட்டி வைப்பது போன்றதே இது. 'மீன் ஹெர்பேரியம்' என்றும் சொல்வதுண்டு. லைடன் நகரின் யோஹான் ஃபிரடெரிக் குரோனோவியஸ் இம்முறையை 1742இல் எழுதி வெளியிட்டிருந்தார். செடியும் மீனும் சேர்ந்து சேகரிக்கும் ஒருவருக்கு இது வசதியான வழி. ஏற்கனவே தட்டையான வண்ணத்துப்பூச்சி மீனுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

மோக்காவின் சுங்கச்சாவடி

சாராயத்தில் போட்ட மீன்களுக்கு என்ன ஆயிற்று என்பதை நீபூர் தம் பயண நூலில் விரிவாகச் சொல்கிறார். 1763இல் குழு காப்பி வணிகத்துக்குப் பேர்போன மோக்கா துறைமுகத்துக்கு வந்தது. சுங்க அதிகாரிகள் முதலில் கையில் எடுத்தது ஃபோர்ஸ்கோலின் செங்கடல் மீன்கள் இருந்த சிறு பீப்பாயைத்தான். நாற்றமடிக்கும், திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும் பயனில்லை. திறந்தார்கள், உள்ளே ஏதோ விலையுயர்ந்த பொருள் ஒளித்திருக்கிறதோ என்று இரும்புக் கம்பியால் குத்திக் கிளறினார்கள். பீப்பாய் கவிழ்ந்து, அழுகல் நாற்றமும் சாராய நெடியும் சுங்கச்சாவடி முழுவதும் பரவின. மது விலக்கப்பட்ட ஊரில் இதைவிடக் கேடு வேண்டுமா? அடுத்து, பாம்புகள் ஊறிய கண்ணாடிக் கலங்கள் வெளிவந்தன. மக்களுக்கு நஞ்சு வைக்கத்தான் இந்த அந்நியர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒருவர் சொல்ல, ஆளுநரும் சினந்தார். அவர்கள் தங்கவிருந்த வீட்டிலிருந்து புத்தகங்களும் உடைமைகளும் சன்னல் வழியாக வெளியே எறியப்பட்டன.

அதிகாரிகளைக் குறை சொல்லி இதை எழுதுவது ஐரோப்பியப் பயண நூல்களின் வழக்கம். ஆனால் அவர்கள் இடத்தில் நின்று பார்த்தால், பீப்பாயில் அழுகிய மீனையும் புட்டியில் பாம்பையும் சுமந்துகொண்டு வரும் ஆறு அந்நியர்களை எந்த ஊர் அதிகாரி நம்பியிருப்பார்? பின்னர் ஆளுநரின் காலில் துப்பாக்கிக் காயம் பட்டு, குழுவின் மருத்துவர் கிராமரை வரவழைத்தபோதுதான் உறவு சீரடைந்தது.

அதற்குள் காய்ச்சல் குழுவைப் பிடித்துவிட்டது. மே மாதம் 25ஆம் நாள் ஃபான் ஹாவன் மோக்காவில் இறந்தார். மற்றவர்கள் தலைநகர் சனாவை நோக்கிப் புறப்பட்டார்கள். வழியிலே ஃபோர்ஸ்கோல் நடக்கவோ சவாரி செய்யவோ முடியாத நிலைக்குப் போனார். ஒட்டகத்தின் மேல் கிடத்திக் கட்டி, யரீம் என்ற மலையூருக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே 1763 ஜூலை 11 அன்று, 31ஆம் வயதில் இறந்தார். நோய் மலேரியா என்பது இன்றைய கணிப்பு. அதற்கு ஒரு மாதம் முன்புதான், லின்னேயஸ் நெடுங்காலமாகத் தேடிக்கொண்டிருந்த மெக்கா குங்கிலிய மரத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அவருக்கு மகிழ்ச்சியோடு கடிதம் எழுதியிருந்தார். லின்னேயஸ் தம் மாணவரின் நினைவாக ஒரு செடிக்கு 'ஃபோர்ஸ்கோலியா தெனாசிஸ்ஸிமா' என்று பெயர் வைத்தார். தொட்டால் விடாமல் ஒட்டிக்கொள்ளும் செடி அது. 'தெனாசிஸ்ஸிமா' என்றால் விடாப்பிடி மிக்கது. அரசே தடுத்தும் தன் நூலைப் பின்வாங்காத மாணவருக்கு ஆசிரியர் கொடுத்த நற்சான்று என்றே இதைக் கொள்ளலாம்.

எஞ்சிய நால்வரும் பம்பாய்க்குக் கப்பலேறினார்கள். ஆகஸ்ட் இறுதியில், ஓவியர் பவுரன்ஃபைண்டும் பணியாளர் பெர்க்கிரனும் நடுக்கடலில் அடுத்தடுத்து இறந்தார்கள். மருத்துவர் கிராமர் 1764 பிப்ரவரியில் பம்பாயில் இறந்தார்.

நீபூர் முடித்த வேலை

ஆறு பேரில் மிஞ்சியவர் நீபூர் ஒருவரே. வடஜெர்மனியின் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வயது வந்தபிறகு கணிதம் கற்றவர். பெரிய படிப்பாளி என்ற பெயர் அவருக்கு இல்லை. அரேபிய உடையும் அந்நாட்டு உணவுமாக வாழப் பழகியதே தம்மைக் காப்பாற்றியது என்று அவர் கருதினார். பாரசீகம், மெசபொத்தேமியா, அனத்தோலியா வழியாக நிலம் அளந்துகொண்டே நடந்து, 1767 நவம்பரில் கோபன்ஹேகன் திரும்பினார். பெர்செபோலிஸில் அவர் பிரதி எடுத்த ஆப்பெழுத்துக் கல்வெட்டுகள் பின்னர் அவ்வெழுத்தைப் படித்தறிய உதவின. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

அவர் திரும்பியபோது பயணத்தை ஆதரித்த ஐந்தாம் ஃபிரெடெரிக் மன்னர் உயிருடன் இல்லை. பயணத்தின்மேல் இருந்த ஆர்வமும் தணிந்துவிட்டது. ஃபோர்ஸ்கோல் முன்கூட்டியே அனுப்பிய பெட்டிகளில் பல, கவனிப்பாரற்றுக் கெட்டுப்போயின. அவருடைய குறிப்புகளோ துண்டுத் தாள்களில், இலத்தீனும் அரபுச் சொற்களும் கலந்து கிடந்தன. நீபூருக்கு விலங்கியலும் தெரியாது, இலத்தீனிலும் தேர்ச்சியில்லை. இலத்தீன் அறிந்த ஒருவரின் துணையோடு அத்தாள்களை ஒழுங்குபடுத்தி, 1775இல் விலங்குகளைப் பற்றிய நூலையும் எகிப்து-அரேபியத் தாவரங்களைப் பற்றிய நூலையும் கோபன்ஹேகனில் வெளியிட்டார். பவுரன்ஃபைண்டின் ஓவியங்களைக் கொண்ட தொகுதி 1776இல் வந்தது. விலங்கு நூலின் தலைப்புப் பக்கத்திலேயே, ஆசிரியரின் மறைவுக்குப் பின் கார்ஸ்டன் நீபூர் பதிப்பித்தது என்று இலத்தீனில் குறிக்கப்பட்டுள்ளது. கீட்டோடான் ஆரிகா என்ற பெயர் முதன்முதலாக அச்சில் வந்தது அந்நூலில்தான். கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை இதுவே.

ஒரே பெயருக்குள் பல மீன்கள்

அந்த நூலைப் புரட்டும் மாணவர் ஒன்றைக் கவனித்துத் திகைக்கலாம். ஃபோர்ஸ்கோல் 'கீட்டோடான்' என்ற தலைப்பின் கீழ் வண்ணத்துப்பூச்சி மீன்களை மட்டும் எழுதவில்லை. இன்று தேவதை மீன்கள் எனப்படும் அஸ்ஃபூர், மாகுலோசஸ். வாலடியில் கத்தி போன்ற முள்ளுள்ள சோஹல். நெற்றியில் கொம்புள்ள யூனிகார்னிஸ். வட்டமான வௌவால்மீன் ஆர்பிகுலாரிஸ் ஆகிய எல்லாமே அவருக்குக் கீட்டோடான்தான். தட்டையான உடல், மெல்லிய பல் என்பவை அக்காலத்துப் பேரின அடையாளங்கள். பிற்காலத்தார் இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து வேறு பேரினங்களில் வைத்தார்கள். ஆரிகாவோ பெயர் வைத்த இடத்திலேயே நிலைத்தது.

இங்கே பிறை அடைப்புக்குறி பற்றிய ஒரு விதியை மாணவர்கள் அறிந்துகொள்ளலாம். முதலில் வைத்த பேரினத்திலேயே ஓர் இனம் நீடித்தால் ஆசிரியர் பெயரை அடைப்பின்றி எழுதுவார்கள். பேரினம் மாறியிருந்தால் ஆசிரியர் பெயரும் ஆண்டும் பிறை அடைப்புக்குள் போகும். நம் சந்தைகளில் விற்கும் கீச்சான் மீனின் பெயர் தெராப்பான் ஜார்புவா (ஃபோர்ஸ்கோல், 1775). பால்மீன் கானோஸ் கானோஸ் (ஃபோர்ஸ்கோல், 1775). செப்பிலி வகைகளில் லுட்ஜானஸ் போஹர் (ஃபோர்ஸ்கோல், 1775). விளமீன் வகைகளுள் ஒன்றான லெத்ரினஸ் நெபுலோசஸும் அப்படியே. ஆக, தமிழகக் கரையில் ஒருநாளும் கால் வைக்காத ஒருவரின் பெயர், நம் மீன் கூடைகளில் பலவற்றில் எழுதாமல் எழுதப்பட்டிருக்கிறது. ஆரிகாவுக்கோ அடைப்புக்குறி கிடையாது.

புள்ளி உள்ள மீனும் புள்ளி இல்லாத மீனும்

இந்த மீனின் படத்தை இணையத்தில் தேடினால், முதுகுத் துடுப்பின் பின்பகுதியில், நூலுக்குச் சற்றுக் கீழே, கண் போன்ற ஒரு கரும்புள்ளி தெரியும். உண்மையான கண் கரும்பட்டையில் மறைந்திருக்க, பின்னாலுள்ள பொய்க்கண் எதிரியை ஏமாற்றி, தலைக்குப் பதிலாக வாலைத் தாக்கச் செய்யும் என்பது பொதுவான விளக்கம். ஆனால் ஃபோர்ஸ்கோல் விவரித்த செங்கடலில், வளர்ந்த மீன்களுக்கு இந்தப் புள்ளி இல்லை! உலகில் மிகப் பரந்த பரப்பில் வாழும் இவ்வினத்தின் மற்ற மீன்களுக்கெல்லாம் புள்ளி இருக்க, பெயரைப் பெற்றதோ புள்ளியற்ற செங்கடல் மீன்.

இதனால் ஒரு சிக்கல் எழுந்தது. பெர்லின் நகர மருத்துவரும் பெரும் மீனியலாளருமான மார்க்குஸ் எலியேசர் புளோக் 1795இல் புள்ளியுள்ள மீனை விவரித்துக் 'கீட்டோடான் செட்டிஃபர்' என்று பெயரிட்டார். நூலிழையைத் தாங்கியது என்பது பொருள். தரங்கம்பாடி இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. புளோக்குக்கு இந்திய மீன்களை அனுப்பி வந்தவர்களுள் முக்கியமானவர் தரங்கம்பாடியில் ஊழியம் செய்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். கத்தாளை மீன்களின் ஒரு பேரினத்துக்குப் புளோக் வைத்த 'ஜானியஸ்' என்ற பெயர் இவரை நினைவுகூர்வது. மிகேலிஸ் வரைந்த பழைய பாதையில் அறிஞர்கள் போகாவிட்டாலும், அதே ஊரிலிருந்து மீன்கள் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன.

ஆரிகாவும் செட்டிஃபரும் ஒரே இனம் என்பது பின்னர் ஏற்கப்பட்டது. ஓர் இனத்துக்கு இரு பெயர் இருந்தால் முந்தியதே நிற்கும். 1775, 1795 ஆகிய இரண்டில் முந்தியது எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நீபூர் அந்தத் தாள்களை மூட்டை கட்டிப் பரணில் போட்டிருந்தால், இன்று இந்த மீன் வேறு பெயரால் வழங்கியிருக்கும். செட்டிஃபர் என்ற சொல், புள்ளியுள்ள மீன்களைத் துணையினமாகக் குறிக்க நீண்ட காலம் பயன்பட்டது.

செங்கடல் ஆராய்ச்சியும் ஃபோர்ஸ்கோலோடு நின்றுவிடவில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த எடுவார்ட் ருப்பெல் 1820களிலும் 1830களிலும் அக்கடலின் மீன்களை எழுதினார். மேலே சொன்ன ஆஸ்திரியாகஸ் அவர் பெயரிட்டதே. எகிப்தின் குசைர் துறைமுகத்தில் மருத்துவராகப் பணிபுரிந்த கார்ல் கிளன்சிங்கர் 1870, 1871 ஆண்டுகளில் செங்கடல் மீன்களின் முழுத் தொகுப்பை வெளியிட்டார். இவர்கள் எல்லோரும் முதலில் கையிலெடுத்தது 1775ஆம் ஆண்டு நூலைத்தான்.

தோல்கள்

சாராயப் பீப்பாய்கள் போன வழி தெரியவில்லை. தாளில் ஒட்டிய மீன் தோல்களில் ஏறத்தாழ நூறு மட்டும் தப்பிப் பிழைத்து, கோபன்ஹேகன் விலங்கியல் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. வோல்ஃப்காங் கிளவுசெவிட்ஸ், யோர்கன் நீல்சன் என்னும் இரு மீனியலாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, நூலிலுள்ள விவரிப்புகளோடு ஒப்பிட்டு, 1965இல் படங்களுடன் வெளியிட்டார்கள். நிறம் போய்ப் பழுப்பேறிய அந்தத் தோல்களில், ஒரு பக்கத்துத் துடுப்புக் கதிர்களை இன்றும் எண்ண முடியும். எந்தப் பெயர் எந்த மீனைக் குறிக்கிறது என்ற ஐயம் வரும்போது, மீனியலாளர்கள் திரும்பிப் பார்ப்பது இவற்றைத்தான்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் நூல்துடுப்பு வண்ணத்துப்பூச்சி மீன் 'தீவாய்ப்பு குறைந்த இனம்' என்ற நிலையில் உள்ளது. 1998இலும் 2016இலும் கடல் வெப்பம் மிகுந்து பவளங்கள் வெளிறிப் பெருமளவில் மடிந்தபோது, பவளத்தை மட்டுமே நம்பிய வண்ணத்துப்பூச்சி மீன்களுக்கு ஏற்படும் பேரிடர் இதற்கு அந்த அளவில் இல்லை. புழுவும் பாசியும் கிடைத்தால் போதும் என்று வாழக்கூடியது இது. அழகுக்காக மீன் தொட்டிகளில் வளர்ப்போர் இதைக் கடலிலிருந்து பிடித்தே பெறுகிறார்கள். ஜித்தாவை அடுத்த பவளப் பாறைகளில் இன்றும் இம்மீன்கள் இணை இணையாகத் திரிகின்றன. ஃபோர்ஸ்கோல் கண்டது போலவே, முதுகுத் துடுப்பில் புள்ளி இல்லாமல்.